ஸ்டியரிங் பிடி போட்ட கத்தி

போன வருடம் கண்ணாடி லோடு இறக்கும்போது என் வலது மணிக்கட்டு அறுபட்டது. நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். விரல்கள் மடங்குகின்றன, நிமிர்கின்றன. ஆனால் கையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை. உண்மையைச் சொன்னால் யாரும் லாரியை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். அதனால் உணர்ச்சி திரும்பிவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். திங்கட்கிழமை வந்து வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார் முதலாளி.

மனைவி ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவப் போகிறாள். வீட்டில் சமையல் என் பொறுப்பு. கத்தி கையை விட்டு நழுவுவது, அது தரையில் விழும் சத்தத்தில்தான் எனக்குத் தெரியும். முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு அதுகூட வரவில்லை.

நான் பல வருடம் ஓட்டிய பழைய லாரியை உடைத்துப் போட்டிருந்தார்கள். அதன் ஸ்டியரிங் நாமக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. வளையத்தின் உட்புறம் விரல் பதிய மேடும் பள்ளமுமாக இருக்கும். அதைக் கத்திக்குப் பிடியாகப் போட்டால் நழுவாது, அதை என் கை மறந்திருக்காது என்று ஒரு நப்பாசை. கூடவே கத்தி அடிக்க ஒரு துண்டு லாரி ஸ்பிரிங் பட்டையும் வாங்கிக்கொண்டு ராசிபுரம் தாண்டி ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனேன்.

"மரத்துல போட்டிருக்கேன், கொம்புலயும் போட்டிருக்கேன். இது பிளாஸ்டிக்குங்க, நாறுமே" என்றார் பட்டறைக்காரர்.

"நாறுனா நாறட்டுங்க. இதுதான் வேணும்."

அவர் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியில் பிடித்துக்கொண்டார். சுத்தியலால் அவர் தட்டிக் காட்டிய இடத்தில் அவர் மனைவி சம்மட்டியை இறக்கினார். ஓர் அடிகூட விலகவில்லை. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை. பார்க்கப் பிரமாதமான வேலைதான். எனக்குத்தான் ஒன்றுமே தோன்றவில்லை. ஒரு வருடமாக எதைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கிறேன்.

வளையத்தில் ஒரு சாண் அறுத்து, உள்ளே இருந்த கம்பியை உருவி எடுத்தார். கத்தியின் அடிமுனையைக் காய்ச்சி அந்த ஓட்டையில் இறக்க வேண்டும்.

"புடி உங்க கைக்கு அமையோணுமுங்க. நீங்களே புடிச்சுக்கங்க. சுட்டா உட்ருங்க."

பிடித்துக்கொண்டேன். அவர் கத்தியைத் தட்டி இறக்கினார். புகை வந்தது, நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் என்று நினைத்து நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா, கைய எடுங்க" என்றார் அந்தம்மா.

எடுத்தேன். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் பிடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"சுடலீங்களா?"

"சுட்டுதுங்க. பொறுத்துக்கிட்டேன்."

அந்தம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து என் கைமேல் ஊற்றினார். வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி கொப்புளத்தைப் பார்த்தாள். பட்டறையில் பொறி பட்டுவிட்டது என்று சொல்லிவைத்தேன். களிம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையை அவள் மடியில் வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். தடவும்போது வலிப்பதாகக் காட்டிக்கொள்ளாவிட்டால் குட்டு உடைந்துவிடும். இந்நேரம் தடவ ஆரம்பித்திருப்பாள் என்று கணக்குப் போட்டேன்.

"ஸ்... மெதுவா. எரியுது."

திரும்பிப் பார்த்தேன். களிம்பின் மூடியைக்கூட அவள் இன்னும் திறக்கவில்லை.

"நான் இன்னும் தொடவே இல்லீங்க" என்றாள்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. என் போனை எடுத்து, முதலாளியின் நம்பரைப் போட்டு, என் இடது கையில் கொடுத்தாள்.