ரினோஸாவும் நானும் சப்பாத்துத் தைத்த மேல்மாடி

1. ஊசி தராத முதல் நாள்

பல்லேகலைக்குப் பக்கத்தில் இருந்த தொழிற்பயிற்சி நிலையத்தில் சப்பாத்து வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை கார்மென்ட்ஸில் மெஷின் ஓட்டினேன். எங்கள் லைனை மூடிவிட்டார்கள். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிப் போய்க் கொழுந்து பறிக்க மனம் வரவில்லை. துணி தைத்தவளுக்குத் தோல் தைப்பது பெரிய காரியமா என்று நினைத்துத்தான் போனேன்.

அன்று ஊசியே தரவில்லை. போதனாசிரியர் சிங்களவர், நாங்கள் சேர் என்போம். மேசையில் தோல் துண்டுகளைப் பரப்பி, "எந்தப் பக்கம் இழுபடுது? கையால பாத்துச் சொல்லுங்க" என்றார். காலை மூடுகிற மேல்பகுதிக்கு அப்பர் என்று பெயர். இழுபடும் பக்கம் அதில் நீளவாட்டில் வந்துவிட்டால், நடக்க நடக்கச் சப்பாத்து தளர்ந்து நீண்டுபோகும். நான் அநேகமாக எல்லாத் துண்டையும் பிழையாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த வத்தேகமக்காரி ரினோஸா ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பார்த்துச் சரியாகச் சொன்னாள்.

"எப்பிடிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"தெரியா. ரொட்டிக்கு மா கொழைக்கிற மாதிரித்தான் ஈக்கி. கைக்கு வெளங்குது."

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே மேசை. சில நாட்களிலேயே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

பாத வடிவில் இருக்கும் மரக்கட்டையை லாஸ்ட் என்பார்கள். அதன்மேல் அப்பரைப் போட்டு, குறட்டால் இழுத்து ஆணி அடிக்க வேண்டும். எனக்கு முன்பக்கம் எப்போதும் சுருங்கும். சேர் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, "திரும்ப" என்பார். கோபப்படமாட்டார். ஒட்டுப் பசையான கம் பூசும் நேரத்தில் மட்டும் கத்துவார்: "ஜன்னல்! ஜன்னல்!" குளிர் காற்று உள்ளே வந்து விரல் விறைக்கும். எதற்கு இந்த மனிதர் இப்படிக் கத்துகிறார் என்று சிரிப்போம்.

2. கடைக்கு மேலே

கோர்ஸ் முடிந்ததும் கண்டி டவுனில் ஒரு கடையில் இருவருக்கும் வேலை கிடைத்தது. கீழே கடை, மேல்மாடியில் நாங்கள். கல்யாணச் சப்பாத்துகள்தான் அதிகம். முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மழை பெய்தால் தானே சோற்றுப் பார்சல் வாங்கி மேலே அனுப்புவார். ஆனால் ஜன்னலைத் திறக்க விடமாட்டார். கீழே பஸ் போகிற ரோடு. புகையும் தூசியும் வந்து ஈரக் கம்மில் ஒட்டிவிடும்.

"மணமகள் போடுற வெள்ளச் சப்பாத்தும்மா. ஒரு புள்ளி கறுப்பு இருந்தாலும் கொண்டாந்து என் மொகத்துல வீசுவாங்க."

"தலை சுத்துதுங்க முதலாளி."

"பழகிரும். நானும் இந்த வாசத்துலதான் வளந்தேன்."

பழகத்தான் செய்தது. கொஞ்ச நாளில் அந்த வாசமே எங்களுக்குத் தெரியவில்லை. ரினோஸாவின் கை சுத்தம் என்பதால் ஒட்டு வேலையும் கைத்தையலும் அவளுக்கு. நான் படிக்கட்டுப் பக்கம் மெஷினில் இருந்தேன்.

3. பஸ் ஸ்டாண்டில்

ஒரு மழைநாள் மாலை வத்தேகம பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். நானும் அங்கேதான் வாடகைக்கு இருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட்டார்: "தங்கச்சி, உங்க செருப்பு!"

ரினோஸாவின் இடது கால் வெறுங்காலாக இருந்தது. நனைந்த தார் ரோட்டில் அவ்வளவு தூரம் அப்படியே வந்திருக்கிறாள்.

"என்னா ரினோஸா, கழண்டது தெரியலையா?"

"தெரியல்ல ராணி." பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மெதுவாகச் சொன்னாள். "கொஞ்ச நாளா இப்பிடித்தான். பாதத்துல துணி சுத்தின மாதிரி ஈக்கி. எங்கட உம்மாக்குச் சொல்லிடாத."

வாயுவாக இருக்கும் என்று எண்ணெய் தடவினாள். இரண்டொரு வாரம் கழித்து, அவள் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் தோலில் சிவப்பு படர்ந்ததைப் பார்த்தேன். ஊசி விரலில் ஏறியிருந்தது. அவளோ அடுத்த தையலைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். ரினோஸாவின் பாதத்தில் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"சப்பாத்து ஒட்டுற, டொக்டர்."

"ஒட்டேக்க ஜன்னல் திறந்திருக்குமோ?"

"எப்பவும் மூடித்தாங்க இருக்கும்" என்றேன் நான்.

"இனி அந்த வேலைக்குப் போகாதேங்கோ. கம்மில இருந்து வாற ஆவி நரம்பைப் பழுதாக்கிப் போடும். வேலையை விட்டாப் பிறகும் இந்த விறைப்புக் கொஞ்சக் காலம் கூடித்தான் குறையத் தொடங்கும். முழுக்கச் சரிவருமெண்டு நான் சொல்லமாட்டன்."

"கைக்கு ஒண்டும் ஆகாதுதானே, டொக்டர்?" என்று ரினோஸா கேட்டாள்.

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். அவள் விரல்களையும் ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டுப் பார்த்தார்.

4. ரினோஸாவின் நாற்காலி

முதலாளியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு முன்னமே ஏதாச்சும் நோய் வருத்தம் இருந்திருக்கும்" என்றார். அடுத்த திங்கட்கிழமை ரினோஸாவின் நாற்காலியில் புதிதாக ஒரு பிள்ளை உட்கார்ந்து கம் பூசிக்கொண்டிருந்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது. அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு இந்த வேலை வேணும் அக்கா" என்றது. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இப்போது வத்தேகமவில் வாடகை வீட்டின் பின்னால், சுவரில்லாத தகரக் கூரையின் கீழ் தைக்கிறேன். மழைச் சாரல் அடித்தால் வேலையை நிறுத்திவிடுவேன். ரினோஸா தடி ஊன்றி நடக்கிறாள். இடது கால் இழுபடுகிறது. சட்டைப் பொத்தானை அவளுடைய உம்மாதான் போட்டுவிடுகிறார்.

செருப்பு அவள் காலில் நிற்காது. அதனால் கணுக்கால்வரை கட்டும் சப்பாத்து ஒன்று தைத்துக் கொண்டுபோனேன். வாடிக்கையாளரிடம் கேட்கும் வழக்கத்தில், "எங்கயாச்சும் கடிக்குதா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னட்டக் கேட்டா நான் என்னத்தச் சொல்ற? நீயே பாரு."

முற்றத்தில் நடக்க வைத்து, கழற்றிப் பார்த்தேன். சுண்டுவிரல் ஓரத்தில் தோல் உரிந்து நீர் கசிந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. லாஸ்டில் அந்த இடத்தில் தோல் துண்டு வைத்து அகலமாக்கி, புதிதாகத் தைத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கம் பூசுகிற அறையில் ஜன்னல் திறக்கக் கூடாது என்றால், அது எவ்வளவு நல்ல முதலாளியின் கடையாக இருந்தாலும் அங்கே உட்காராதீர்கள். வாசம் பழகிவிடும், உடம்பு பழகாது.

வாரத்துக்கு ஒருமுறை ரினோஸாவின் வீட்டுக்குப் போகிறேன். இரண்டு சப்பாத்தையும் கழற்றி, பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்குவரை பார்க்கிறேன். புண் இருந்தால், இருக்கிறது என்று நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.