கார்டு இல்லாத ரோலக்ஸ்

கபிரியேலிடம் குடி இல்லை, சிகரெட் இல்லை. இருந்த ஒரே கெட்ட பழக்கம், காருக்குள் கேட்டதை வெளியே சொல்லாதது. அதைப் போய்க் கெட்ட பழக்கம் என்றால் பிரிக்பீல்ட்ஸில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வக்கீல் லோகனுக்கு இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டியவர் அவர். பின் இருக்கையில் எத்தனை குடும்பங்கள் பிரிந்தன, எத்தனை நிலங்கள் கைமாறின என்று எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. மனைவி டோரிஸிடம்கூட அன்றைய டிராபிக் ஜாமைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியில் லோகன் தன் கையிலிருந்த ரோலக்ஸைக் கழற்றி முன் இருக்கைக்கு நீட்டினார்.

"ஒரு நாள்கூட நீ லேட்டா வந்ததில்ல கபிரியேல். இனிமே எனக்கெதுக்கு வாட்ச்? வச்சுக்க. வீட்ல சொல்லிடாத, அம்மா சத்தம் போடுவாங்க."

பதினோரு நாள் கழித்து அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வீட்டில் காரை விற்றார்கள், கபிரியேலையும் வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார்கள். சார் சொல்லாதே என்றது செத்தும் செல்லும் என்று நினைத்துக்கொண்டு, மனுஷன் வாட்ச்சைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினார். டோரிஸுக்கு மட்டும் காட்டினார், அதுவும் ஒரே தடவை.

இப்போது அதை வெளியே எடுக்க வைத்தது டோரிஸின் வலது முழங்கால். வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் வேலை செய்யாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு அடுத்த வருஷக் கடைசிக்குத்தான் தேதி கொடுத்திருந்தார்கள். தனியாரில் போனால் அடுத்த மாதமே முடித்துவிடலாம்.

பழைய வாட்ச் வாங்கி விற்கும் குகனின் கடை பக்கத்துத் தெருவில்தான். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தவன், அசல்தான் என்றான். ஆனால் ரொக்கம் வேண்டுமென்றால், வாங்கியபோது வந்த பெட்டியும் உத்தரவாதக் கார்டும் வேண்டுமாம். அவை இல்லையென்றால், கட்டியிருந்தவர் வீட்டிலிருந்து ஒரு கடிதமாவது வேண்டுமாம்.

"இல்லன்னா ட்ரேட்-இன் பண்ணிக்குங்க அங்கிள், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இதக் குடுத்துட்டு அந்தச் சின்ன வாட்ச்ச எடுத்துக்குங்க. அதுக்கு கார்டு இருக்கு, நாளைக்கே எங்கயும் வித்துக் காசாக்கலாம் லா" என்றான்.

அப்படிச் செய்தால் நல்ல தொகை குறையும். கடிதம்தானே, கேட்டுப் பார்ப்போம் என்று கபிரியேல் லோகனின் மகள் மாதவிக்குப் போன் போட்டார். பாசத்தோடுதான் பேசினாள். நலம் விசாரித்து முடிந்ததும், சார் கட்டியிருந்த ரோலக்ஸின் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார்.

"பெட்டி இருக்கு அங்கிள், வாட்ச்தான் போச்சு. வீரம்மா எடுத்துட்டாங்க. அப்பா காரியம் முடிஞ்ச அன்னிக்கே அம்மா அவங்கள அனுப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அந்த இடத்தில் கபிரியேல் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அப்படியாம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்.

வீரம்மா அந்த வீட்டில் சமையல் வேலை பார்த்தவள், காப்பாரைச் சேர்ந்தவள். வாசலில் காரோடு காத்துக் கிடக்கும் டிரைவருக்குத் தினமும் மத்தியானம் டீ கொண்டுவந்து கொடுத்தவள் அவள் ஒருத்திதான். வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்ததோடு சரி. ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. அந்த வெட்கம் இப்போது அவரைப் பிடுங்கித் தின்றது.

பயமும் இருந்தது. செத்தவர் கொடுத்தார் என்று ஒரு டிரைவர் சொன்னால் யார் நம்புவார்கள்? குகனிடம் கொடுத்து மாற்றிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. டோரிஸ் படி ஏறிவிடுவாள். இரண்டு நாள் அவர் இதையேதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் நற்கருணைக்கு எழுந்து போக, மனசு உறுத்தியதால் கபிரியேல் பெஞ்சை விட்டு எழவில்லை. டோரிஸ் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, "அந்தப் பொம்பள இப்ப எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வீரம்மாவை முன்பு ஒருமுறை சாரின் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டிருந்ததால் வீடு தெரியும். மறுநாள் காலை தன் பழைய சாகா காரை எடுத்துக்கொண்டு கிள்ளானைத் தாண்டிக் காப்பாருக்குப் போனார். வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தவள் முகம் மலர்ந்து, வாங்கண்ணே என்றாள். கபிரியேல் சட்டைப் பையிலிருந்து வாட்ச்சை எடுத்து நீட்டியதும் அந்த முகம் மாறிப்போனது.

சொல்ல வேண்டியதை எல்லாம் நின்றபடியே சொல்லி முடித்தார். ட்ரேட்-இன் வேண்டாம், மாதவியிடம் உண்மையைச் சொல்லிக் கடிதம் வாங்கி ரொக்கத்துக்கே விற்கிறேன், பாதிப் பணம் உனக்கு என்றார். வாட்ச்சாக வாங்கினால் இரண்டாக வெட்ட முடியாதே என்றும் சொன்னார்.

"காசு கெடக்கட்டும்ண்ணே. என் பையத் தலகீழா கொட்டிப் பாத்தாங்க, வீட்ல எல்லாரு முன்னாலயும். அதுக்கப்புறம் எட்டு வருஷமா ஒரு வீட்லயும் என்னை வேலைக்குச் சேத்துக்கல. அந்த வீட்டுக்கே வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"அவங்க நம்பலன்னா?"

"நம்பலன்னா என் பையையும் கொட்டிப் பாக்கட்டும், வீரம்மா."

அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கபிரியேல் வாட்ச்சை மறுபடியும் பைக்குள் போடப் போனார்.

"உள்ள வைக்காதீங்க. கையில கட்டுங்க. நாம வாசல்ல நுழையும்போதே அவங்க பாக்கணும்" என்றாள்.

எட்டு வருஷத்தில் கபிரியேல் அதைக் கையில் கட்டியது அன்றுதான்.