கரி பூசிய ஆள்

சின்ன வயதில் எனக்கு வெகுநாள் பேச்சு வரவில்லை. பேச்சு வந்தால் வருஷாவருஷம் ஜாத்திரைத் திருவிழாவில் வேஷம் போடுவான் என்று அம்மா எங்கள் ஊர் அம்மன் கங்கம்மாவிடம் வேண்டிக்கொண்டாள். பேச்சு வந்தது. அன்றிலிருந்து போடுகிறேன்.

திருப்பதியில் ஜாத்திரை நடக்கும் வாரம் ஆண்கள் உடம்பெல்லாம் கரி பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு, எதிரில் வருகிறவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு போவார்கள். பெண்களை நாசம் பண்ணிய ஒரு பாளையக்காரன் எங்கோ ஒளிந்துகொண்டானாம். அவனை வெளியே வரவழைக்க அம்மன் வேஷம் மாறி, திட்டிக்கொண்டே தேடினாளாம். அதனால் திட்டு வாங்குகிறவர்கள் கோபப்படுவதில்லை, கும்பிடுவார்கள்.

மற்ற நாட்களில் நான் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிறவன். பத்தாவது வரை படிப்பு. யாராவது குரலை உயர்த்தினால் தலையைக் குனிந்துகொள்வேன்.

போன ஜாத்திரையில் யாரோ என்னைப் போனில் எடுத்துவிட்டார்கள். எந்த ஊர், எதற்காக என்று எதுவும் இல்லாமல் நான் திட்டுவது மட்டும் வீடியோவாகச் சுற்றியது. டிவியில் ஒழுக்கம் எங்கே போகிறது என்று விவாதம் வைத்தார்கள்.

அந்த விவாதம் ஓடிய மாலையில்தான் நாயுடுபேட்டையிலிருந்து பையன் வீட்டார் வந்திருந்தார்கள். என் மகளும் அந்தப் பையனும் ஒருவரையொருவர் விரும்பியவர்கள். பையனின் அம்மா வெகுநாள் கழித்துத்தான் சம்மதித்திருந்தார். தாம்பூலத் தட்டு தயாராக இருந்தது.

டிவியைப் போடச் சொன்னதே அந்த அம்மாதான். திரையில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். மூலையில் என் கரிமுகம் திரும்பத் திரும்ப வந்தது. வார்த்தை வரும் இடத்தில் கீச்சென்று ஒரு சத்தம்.

"போன்ல கீச்சு இல்லாம வந்துகீது" என்று பையனின் அம்மா தன் போனை எடுத்துக் காட்டினார்.

வேஷத்தில் என்ன பேசினேன் என்று எனக்கு எப்போதும் நினைவிருப்பதில்லை. அன்றுதான் முதல்முறை கேட்டேன். நான் அறியாத வார்த்தைகள். என்னைவிட மிக வயதான யாரோ பேசுகிற குரல். திரையில் அந்தக் கண்கள் இமைக்கவே இல்லை.

"இந்த மாதிரி ஆளு இருக்கற வூட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன் நானு" என்றார்.

மறைத்து வைத்துக் கல்யாணம் செய்ய எனக்குப் பயமாக இருந்தது. "அது நான்தாம்மா" என்றேன்.

பையனின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "யாரு, நீங்களா சம்பந்தி? காப்பியில சக்கர இல்லன்னு சொல்லவே உங்களுக்கு நாள் பாக்கணும்!"

மகள் சமையலறை வாசலிலிருந்து சொன்னாள். "அத்த, அது எங்க நைனாதான். வேண்டுதல் அது."

சிரிப்பு நின்றது. அந்த அம்மா போனை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படின்னா ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா. இதே கொரல்ல."

வாயைத் திறந்தேன். தொண்டையில் காற்று மட்டும் வந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் போன் தானாக மறுபடி ஆரம்பித்து, அந்தக் குரலில் திட்டியது. என் வாய் திறந்திருந்த நேரத்தில் சரியாக அது பேசியது.

அவர் சட்டென்று போனை அணைத்தார்.

"இல்ல. இவரு இல்ல."

"அவருக்கு எங்க அப்படியெல்லாம் பேச வரும்" என்றாள் என் மனைவி. வருஷாவருஷம் எனக்கு வேப்பிலை கட்டிவிடுகிறவள் அவள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மகள் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு போய்க் காப்பி கொண்டுவந்தாள்.

தட்டு மாற்றினோம். தை மாதம் கல்யாணமும் நடந்தது. மகள் அங்கே நன்றாக இருக்கிறாள்.

ஆனால் எங்கள் வீட்டில் இப்போது 'அந்த ஆளு' என்றுதான் சொல்கிறார்கள். "அந்த ஆளு வீடியோ மறுபடி வருது நைனா" என்று மகள் போனில் சொல்கிறாள். "பாவம், யாரோ" என்கிறாள் மனைவி, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே. பொய் சொல்கிற குரலாகத் தெரியவில்லை. அவர்கள் உண்மையாகவே அப்படி நம்பத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

அடுத்த வாரம் ஜாத்திரை. சம்பந்தியம்மா பார்க்க வருகிறாராம். நேற்று மனைவியிடம் கரி அரைத்து வைக்கச் சொன்னேன்.

"யாருக்கு?" என்று கேட்டாள்.