துண்டுக்கடியில் நீட்டிய கை

சவுரிராயன் ஏறியது சாதாரண ஏற்றமா? பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலைச் சந்தையில், மூட்டைக்கு நம்பர் போடும் ஆளாக எண்ணெய்க் கம்பெனியில் நுழைந்தவர், பத்தே வருஷத்தில் திண்டிவனம், விழுப்புரம் இரண்டு கிளைக்கும் மேனேஜர். 1961-இல் சென்னைத் தலைமை ஆபீசில், கொள்முதல் முழுவதையும் பார்க்கும் ஜெனரல் மேனேஜர் நாற்காலி காலியானபோது அவர் பெயர்தான் முதலில் அடிபட்டது. அந்த நாற்காலிமேல் அவருக்கு ஆசையில்லை என்று சொன்னால் பொய். கொள்ளை ஆசை. மனைவி சவுரியம்மாள் மெட்ராசுக்குப் போகத் தகரப்பெட்டியைத் தூசி தட்டியே வைத்துவிட்டாள்.

மண்டியில் விலையை வாயால் பேசுவது கிடையாது. விற்பவரும் வாங்குபவரும் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைத் தொட்டே விலையை முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த விரல் கணக்கு சவுரிராயனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவர் சேரியில் பிறந்தவர் என்பதும் ஊருக்கே தெரியும். அந்தக் கையைத் தொட எந்தப் பண்ணைக்காரன் வருவான்? அதனால் தரகர் சீனுவாசன் காதில் விலையைச் சொல்லி அனுப்பிவிடுவார். காரியம் நடந்தது. நடக்கிற வரைக்கும் யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டார், கம்பெனியின் பம்பாய் டைரக்டர். ஆளை நேரில் பார்த்துவிட்டுத்தான் உத்தரவு போடுவேன் என்று காரில் வந்து இறங்கினார். மண்டியைச் சுற்றிப் பார்த்தவர், "ஒரு பேரத்தை நீங்களே முடியுங்கள், நான் பார்க்க வேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

சவுரிராயன், விற்க வந்திருந்த பெருமுக்கல் பண்ணைக்காரன் வேங்கடேசனைப் பார்த்தார். போன வருஷம் வேங்கடேசனின் மூட்டைகள் மழையில் நனைந்து சீந்துவாரில்லாமல் கிடந்தபோது, மேலிடத்தோடு மல்லுக்கட்டி அவற்றை வாங்க வைத்தவர் இவர்தான். இவனாவது வருவான் என்று நம்பினார், பாவம். துண்டை விரித்து அதனடியில் கையை நீட்டினார்.

வேங்கடேசன் பல்லைக் காட்டினான். "இன்னாத்துக்கு சார் கையெல்லாம்? நீங்க வாயால ஒரு வெலை சொல்லுங்க, குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கேன்."

எவ்வளவு மரியாதை பாருங்கள்! அத்தனை பேர் காதில் விழ விலையைச் சொன்னால் அன்றைய கொள்முதல் முழுக்கக் குட்டிச்சுவர். சொல்லாமல் நின்றாலோ டைரக்டர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

"வேங்கடேசன், ஜல்தியா முடிங்க" என்றார். தன் குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது. வேங்கடேசன் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

கடைசியில் சீனுவாசன்தான், "நவுருங்க சார்" என்று தன் துண்டைப் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் பேரம் முடிந்தது.

"விற்பவர்களுக்கு உங்கள்மேல் நம்பிக்கை இல்லையே, மிஸ்டர் சவுரிராயன். ஏன்?" என்று காரில் ஏறும்முன் டைரக்டர் கேட்டார். சவுரிராயன் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

நாற்காலி தலைமை ஆபீஸ் கணக்கர் ஒருவருக்குப் போனது. அந்த மகானுபாவருக்கு மல்லாட்டையை வறுத்துத் தின்ன மட்டும்தான் தெரியும்.

செய்தி வந்த அன்று சவுரியம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த மனுசன் வாய் விட்டுக் கேட்டாரில்ல? நடந்ததைப் புட்டுப் புட்டு வெக்கிறதுதான? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

சவுரிராயன் தகரப்பெட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்தார்.

"கார்ல ஏறும்போது எனக்குக் கை குடுத்தாரும்மே" என்றார். "அந்த மண்டியில அவரு ஒருத்தருதான் குடுத்தாரு. நான் இன்னாருன்னு சொல்லியிருந்தா, அதுவும் குடுத்திருப்பாரோ இன்னாவோ... கேட்டுப் பாக்கத் தெகிரியம் வரல."