மஞ்சக்குப்பம் மாடிக் கடையும் எங்கள் அப்பாவும்

எங்கள் அன்புத் தந்தையின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய மூத்த மகளாகிய நான் எழுதுவது. அப்பா நோயில் கிடந்து போனவர் இல்லை. கடலூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் சீன உணவகத்தில், எங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். "என்னது, சாப்பிடும்போதா?" என்று துக்கம் கேட்க வந்த எல்லாரும் கேட்டார்கள். நாங்களும் இன்னும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்பா அண்ணாகிராமத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே இறந்துவிட்டதால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பண்ருட்டி மண்டிகளில் பலாப்பழம் ஏற்றி இறக்கித் தம் தங்கைகளைக் காப்பாற்றினார். பிறகு கடலூரில் நீதிமன்ற டவாலி வேலை கிடைத்தது. வழக்குக்கு வந்தவர்களின் பெயரை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுகிற வேலை. அந்தக் குரலுக்காகவே அந்த வேலையைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று தோன்றும். வழக்குக்கு வருகிறவர்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். அத்தைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்த பிறகே தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். சிதம்பரத்திலிருந்து அம்மா வந்தார்.

நான் பள்ளியில் பரிசு வாங்கிய அன்றுதான் முதன்முதலாகக் கடலூர் மஞ்சக்குப்பத்து மாடிக் கடைக்கு எங்களை அழைத்துப் போனார். சீன உணவகம் என்று பெயர்தான், மாஸ்டர் நெல்லிக்குப்பத்துக்காரர். சுவரில் டிராகன் இருக்கும், கல்லாவுக்கு மேலே முருகர் இருப்பார். அம்மாவுக்குக் கோபி மஞ்சூரியன், தம்பிக்கு முட்டை நூடுல்ஸ், எனக்கு ஸ்வீட் கார்ன் சூப். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் சில்லி சிக்கன். அது சமையலறையை விட்டு வெளியே வந்ததும் அப்பா கோர்ட்டில் கூப்பிடுவதுபோலவே, "சில்லி சிக்கன்! சில்லி சிக்கன்! சில்லி சிக்கன்!" என்பார். கடையே திரும்பிப் பார்க்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

முதல் துண்டு அப்பாவுக்குத்தான். வாயில் போட்டதும் காரத்தில் உயிர் போனவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடித் தலையைத் தொங்கப் போட்டுவிடுவார். நாங்கள் சிரித்துக்கொண்டே முகத்தில் தண்ணீர் தெளித்தால்தான் எழுந்திருப்பார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் இந்தக் கூத்து ஓயவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்ததும் கூடத்தான் செய்தது. ஓய்வு பெற்றுச் சிதம்பரத்துக்குக் குடிவந்த பின்னும் அந்தக் கடைக்காகவே கடலூருக்கு பஸ் ஏறுவார். "சிதம்பரத்துல இல்லாத சில்லி சிக்கனா?" என்று அம்மா கேட்டால், "இருக்குது. ஆனா அவுங்களுக்கு என்னைத் தெரியாதுல்ல" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும் அப்படித்தான். சில்லி சிக்கனை மூன்று முறை கூப்பிட்டார். பாதித் துண்டைக் கடித்தார். சாய்ந்தார். நாங்கள் சிரித்தோம். என் மகள் தண்ணீர் தெளித்தாள். எழுந்திருக்கவில்லை. இன்னும் சிரித்தோம். "போதும்ங்க உங்க நடிப்பு, சாப்பாடு ஆறுது" என்றார் அம்மா. அப்பாவின் கையிலிருந்த மீதித் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. தம்பிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். "அக்கா, அப்பா கையப் பாருக்கா" என்றான்.

மாரடைப்பு. அந்த நொடியே முடிந்திருக்கும், உடனே தூக்கி வந்திருந்தாலும் பயனில்லை என்று மருத்துவர் சொன்னார். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. "சிரிச்சிக்கிட்டே உட்டுட்டனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதைச் சொல்வதும் நின்றது. யாரோடும் பேச்சில்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். ஆள் பாதியாகிவிட்டார். அப்பாவுக்குப் பின்னாலேயே அம்மாவும் போய்விடுவாரோ என்று நாங்கள் நடுங்கிய மாதங்கள் அவை.

நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு வேறொன்று இருக்கிறது. அந்தக் குறுகிய படிக்கட்டில் அப்பாவை நாற்காலியோடு இறக்கிய கடை ஊழியர்களுக்கும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து தங்கள் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு பறந்த பரங்கிப்பேட்டைக் குடும்பத்தாருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், கடைசி வரை உடன் நின்ற அப்பாவின் நீதிமன்ற நண்பர்களுக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, "மச்சானுக்கு என்னாக்கா வைக்கலாம்?" என்று கேட்டார்.

"சில்லி சிக்கன். அந்தக் கடையிலேயே" என்றார் அம்மா.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு கடையில் வாங்கலாம் என்றேன். தான் மட்டும் போய் பார்சல் வாங்கி வருவதாகத் தம்பி சொன்னான். "நானும் வரேன்" என்று அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் நாங்கள் நால்வரும் காரில் கிளம்பினோம்.

கடை முதலாளி எங்களைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். அவர் ஜன்னல் பக்கம் வேறொரு மேசையைக் காட்டினார். அம்மா நேராகப் போய் அந்தப் பழைய மேசையிலேயே, அப்பாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். படையலுக்கு ஒரு பார்சல் சொன்னார். "இங்க ஒரு தட்டு" என்றும் சொன்னார்.

தட்டு வந்தது. அதை அறிவிக்க ஒருவரும் இல்லை. அம்மா ஒரு துண்டைக் கையில் எடுத்தார்.

"அக்கா, படைக்கறதுக்கு முன்னாடி நாம வாயில வைக்கக் கூடாதுக்கா" என்றார் மாமா.

"அவரு பாதி தின்னுட்டுத்தான போனாரு. மீதிய நான் தின்னா என்னா?"

அம்மா முழுத் துண்டையும் வாயில் போட்டார். அவருக்குக் காரம் கொஞ்சமும் ஆகாது. முகம் சிவந்தது. மூச்சு இழுத்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். தலை ஒரு பக்கம் சரிந்தது.

"அம்மா!" என்று நான் போட்ட கத்தலில் கடையே எழுந்து நின்றது. தம்பி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். மாமா, "காரை எடு, காரை எடு" என்றார்.

அம்மா கண்ணைத் திறந்தார். "உடுடா. காரம்."

பிறகு எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்தார். தம்பி அழுதுகொண்டிருந்தான். அவர் கண்ணெடுக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கி அவரு கண்ணத் தொறந்திருந்தா இந்த மூஞ்சிங்களத்தான் பாத்திருப்பாரு" என்றார். "பாக்கல. நீங்க சிரிச்சதக் கேட்டுக்கிட்டே போயிட்டாரு."

தண்ணீரை எடுத்துக் குடித்தார். தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, அடுத்த துண்டை எடுத்தார்.