ஒரு வாய் தண்ணியும் ஒன்பது மாடியும்

எங்க சிங்கப்பூர்ல குளிருங்கிறது டிசம்பர்ல மூணு வாரம் வந்து தங்கிட்டுப் போற விருந்தாளி. மழை விடாது. காத்து வீசும். இருபத்திரண்டு டிகிரிக்கு எறங்கும். பனி கொட்டுற நாட்டுக்காரன் அதக் கேட்டா சட்டையக் கழட்டிட்டு உலாத்த வருவான். நாங்க ஸ்வெட்டர் தேடுவோம். தெம்பனிஸ்ல எங்க அடுக்குமாடி புளோக்கே அந்த மூணு வாரமும் இருமிக்கிட்டு இருக்கும். முதல் இருமல் என்னோடதா இருக்கும். ஏதாவது ஒண்ணுல முதல்ல வரணும்ல.

அப்ப எனக்குப் பத்து வயசு. இழுப்பு இருந்துச்சு. சும்மா உக்காந்திருந்தா ஒண்ணும் தெரியாது. குளிர் காத்துல நாலு அடி ஓடுனா போதும், நெஞ்சுக்குள்ள எண்ணெய் போடாத கதவு மாதிரி கீச் கீச்சுங்கும். கிளமெண்டில இருக்கிற பெரியம்மா மகன், என்னைய விட ரெண்டு வயசு மூத்த அண்ணன், அதக் கேட்டுட்டு எனக்கு ஹார்மோனியம்னு பேர் வச்சுட்டான். லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தா கதவத் திறந்ததும், "என்னடா ஹார்மோனியம், இன்னிக்கு என்ன பாட்டு?" அப்படிம்பான். அவன் பள்ளிக்கூடத்துக்காக ஓடுற ஆளு. நான் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடுற ஆளு. படிப்பு அவ்வளவுதான் ஏறுச்சு. இப்ப துவாஸ் பக்கம் லாரி ஓட்டிக்கிட்டு இருக்கேன், கணக்குப் பாத்துக்கங்க.

அந்த வயசுல என்கிட்ட இருந்த ஒரே திறமை வாய். மூச்சு விடுறதுக்கும் அதத்தான் வச்சிருந்தேன், பேசுறதுக்கும் அதத்தான் வச்சிருந்தேன். மூக்கு சும்மா மூஞ்சிக்கு நடுவுல அழகுக்கு இருந்துச்சு.

அதுக்கு முந்துன வருஷம் மழையில கீழ பந்து விளையாடிட்டு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கச்சேரி நடத்திட்டேன். அன்னியிலேர்ந்து அம்மா பந்துக்குத் தடை போட்டுட்டாங்க. பசங்க கீழ ஆடுவாங்க. நான் ஒன்பதாவது மாடி ஜன்னல்லேர்ந்து கத்தி கத்தி ரெஃப்ரி வேலை பாப்பேன். ஒரு பயலும் மதிக்கல. எனக்கு இந்த உலகத்துல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: கீழ எறங்கி அந்தப் பந்த ஒரு உதை உதைக்கணும்.

நவம்பர் கடைசியில அம்மா என்னைய பாலிகிளினிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் ரொம்ப நேரம் பேசுனாரு. மூக்கு, துணி, மெதுவா ஆரம்பிக்கணும், மருந்து எப்ப அடிக்கணும்னு என்னென்னமோ காதுல விழுந்துச்சு. நான் அவரு ரூம்ல இருந்த சுத்துற நாற்காலியில சுத்திக்கிட்டு இருந்தேன். அம்மா மட்டும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டாங்க.

அதுக்கு அடுத்த வாரம் தண்டனை ஆரம்பிச்சுச்சு.

அம்மா சொன்னதுக்கு நான் ஏதோ எதிர்த்துப் பேசுனேன். என்னன்னு ஞாபகம் இல்ல. அம்மா கிழக்குன்னா நான் மேற்கு, அது தினப்படி நடக்கிறதுதான். வழக்கமா கரண்டி வரும். அன்னிக்குக் கரண்டி வரல, ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் வந்துச்சு. என்னையக் கீழ கூட்டிட்டுப் போயி, அதுலேர்ந்து ஒரு வாய் தண்ணிய ஊத்துனாங்க.

"முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. இப்படியே ஒன்பது மாடியும் படியேறு. மேல வந்து இந்த டம்ளர்ல துப்பு. குறைஞ்சா மறுபடியும் ஏறணும். அப்பவாச்சும் இந்த வாய் அடங்குதா பாக்கலாம்."

சொல்லிட்டு அவங்க லிஃப்ட்ல போயிட்டாங்க!

முதல் நாள் மூணாவது மாடியிலயே முழுங்கிட்டேன். ரெண்டாவது நாள் அஞ்சாவது மாடியில குடியிருக்கிற மலாய்க்கார அத்தை, மாக்சிக்னு கூப்பிடுவோம், எதிர்ல வந்து, சாப்பிட்டியான்னு கேட்டாங்க. வாய உப்பிக்கிட்டு நின்னேன். கன்னத்தத் தொட்டுப் பாத்துட்டுப் பாவம்னாங்க. மறுநாள் எங்க வீட்டுக்குப் பல்வலிக்குக் கிராம்பு வந்துச்சு. அம்மா நன்றி சொல்லி வாங்கிக்கிட்டாங்க, பிரியாணியில போட்டாங்க.

தினம் ரெண்டு தடவை. வாயத் திறந்தா தண்ணி போயிடும். அதனால அழகுக்கு இருந்த மூக்கு வேற வழியில்லாம வேலைக்கு வந்துச்சு. வேகமா ஏறுனா மூக்கு பத்தல. மெதுவா ஏறுனா பத்துச்சு. மூணாவது வாரம் ஒரு சொட்டு குறையாம டம்ளர்ல துப்புனேன். அம்மா அதத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு, "வாய்க்கொழுப்பு இன்னும் இருக்கு, நாளைக்கும் ஏறு"ன்னாங்க. இப்படி ஒரு அநியாயத்த எந்தப் புள்ளையும் பாத்திருக்காதுன்னு ஜன்னல்லேர்ந்து ஊருக்கே சொன்னேன்.

அப்பத்தான் ஒரு காயிதம் வந்துச்சு. எங்க வட்டாரத்துல வருஷக் கடைசி ஓட்டம். பார்க்கச் சுத்தி ரெண்டு கிலோமீட்டர், பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கிற பசங்களுக்கு. அதுல அண்ணன் பேரு இருந்துச்சு. சரி. கீழயே என் பேரும் இருந்துச்சு.

அம்மா குதிச்சாங்க பாருங்க ஒரு குதி. "எவன் இவன் பேரக் குடுத்தது? மழையில ஓட வச்சுக் கொல்லப் பாக்குறீங்களா?"

நான் நேரா லீவுக்கு வந்திருந்த அண்ணனத்தான் பாத்தேன். "சத்தியமா நான் இல்லடா! உனக்கு லிஃப்டுக்கு நிக்கவே மூச்சு வாங்கும்லா, உன் பேர எவன் குடுப்பான்?"ன்னான். அவன் சத்தியத்த நம்புறதுக்கு நான் என்ன மாக்சிக்கா?

அம்மா கொஞ்ச நேரம் கத்திட்டு, சட்டுனு எறங்கி வந்துட்டாங்க. "பேர் குடுத்தாச்சு, இனி என்ன பண்றது. இழுப்பு வராம முடிச்சின்னா கீழ பந்து விளையாட விடுறேன். வந்துச்சுன்னா அடுத்த லீவும் உனக்கு ஜன்னல்தான்."

அம்மாவ இவ்வளவு சுலபமா மடக்கிட்டோமேன்னு எனக்கு ஒரே பெருமை.

ஓட்டத்தன்னிக்குக் காலையில தூறல். ஊதக்காத்து. பாலிகிளினிக்ல குடுத்த இன்ஹேலர வீட்டுலயே ரெண்டு தடவை அடிக்க வச்சாங்க. அப்புறம் தேக்காவுல, ஊருக்குப் போறவங்க சாமான் வாங்குற கடையில வாங்கிட்டு வந்த மஃப்ளர எடுத்தாங்க. கம்பளி. கிளிப்பச்சை. ஓரத்துல ஆரஞ்சு கலர் குஞ்சம். அத என் மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுத்தி, பின்னாடி ரெண்டு முடிச்சுப் போட்டு, சட்டையோட ஊக்கு வேற குத்திட்டாங்க. முதல் திருப்பத்துல கழட்டி எறியலாம்னு நான் போட்ட திட்டம் அந்த ஊக்குலயே செத்துப்போச்சு.

பார்க்குக்கு அஞ்சு நிமிஷ நடை. பதினொரு வருஷமா அங்கயே குடியிருக்கிற அம்மாவுக்கு அன்னிக்குன்னு வழி மறந்துபோச்சு. கால் மணி நேரம் புளோக் புளோக்கா சுத்துனாங்க. முதல்ல மெதுவா நடந்தாங்க, அப்புறம் "ஐயோ நேரமாச்சு"ன்னு கொஞ்சம் வேகமா இழுத்துக்கிட்டுப் போனாங்க. எனக்கு உடம்பே சூடாயிடுச்சு. கோவத்துலன்னு நெனச்சேன்.

நம்பர் குடுக்குற மேசையில ஒரு ஆன்ட்டி என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. "ஓ, நீதானா தம்பி? உங்கம்மாதான் முதல் ஆளா வந்து பேர் குடுத்துட்டுப் போனாங்க." அம்மா அவசரமா குடையச் சரிபண்ணுனாங்க. எங்கம்மாவையும் பெரியம்மாவையும் பாத்தா யாருக்கும் அடையாளம் குழம்பும். ஆன்ட்டி பெரியம்மாவத்தான் சொல்றாங்கன்னு விட்டுட்டேன்.

விசில் அடிச்சதும் அண்ணன் பாஞ்சான். போறப்ப திரும்பி, "டேய் கிளி! ஹார்மோனியத்துக்கு உறை போட்டாச்சா?"ன்னு கத்துனான். நாப்பது பசங்களும் சிரிச்சாங்க. என்கிட்ட அதுக்கு அருமையான பதில் இருந்துச்சு, அவன் பரம்பரையையே இழுக்குற பதில். வாயத் திறந்தேன். வாய் நிறைய கம்பளி. மூடிக்கிட்டேன்.

வேற என்ன பண்றது, ஓடுனேன். மெதுவா. படியேறுற மாதிரியே. மூக்கால இழுத்தேன், மூக்கால விட்டேன். மஃப்ளருக்குள்ள என் மூச்சே சூடா, ஈரமா திரும்பி வந்துச்சு. நேத்து ராத்திரி தின்ன பூண்டு ஊறுகாயும் கூடவே வந்துச்சு. கால்வாய்ப் பாலத்துக்கிட்ட போறப்ப பயமா இருந்துச்சு. போன வருஷம் பந்தத் துரத்திக்கிட்டு வந்தப்ப அங்கதான் கச்சேரி ஆரம்பிச்சுச்சு. காதத் தீட்டிக்கிட்டு ஓடுறேன். இப்ப வரும், இப்ப வரும்னு பாக்குறேன்.

வரல.

பாலத்தத் தாண்டுனேன். வரல. மேட்டுல ஏறுனேன். என் செருப்புச் சத்தமும் மழைச் சத்தமும்தான். ஆமா, செருப்புதான், ஷூ ஈரம். என் நெஞ்சு சத்தமே போடாம இருந்தத அன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டேன்.

கடைசித் திருப்பத்துல ஒருத்தன் முழங்கால்ல கைய ஊனிக்கிட்டு, வாயப் பொளந்துக்கிட்டு, லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு நின்னான். அண்ணன். ஆரம்பத்துலயே பாஞ்சு, வாயால குளிர்காத்தக் குடிச்சுக் குடிச்சுத் தொண்டை காஞ்சு போயிருந்தான். எனக்குச் சொல்றதுக்கு ஆயிரம் இருந்துச்சு. ஒண்ணும் சொல்லாம ஓடுனேன். என் வாழ்க்கையில நான் பண்ணுன பெரிய சாதனை எதுன்னா அதுதான். அதுக்கு மெடல் குடுக்கல.

ஓடி முடிச்சதுக்குக் குடுத்தாங்க. இருபத்தொம்பதாவது. தகர மெடல். ஒலிம்பிக்ல கொடி ஏத்துன மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன். அம்மா அத்தனை பேருக்கு நடுவுல என்னையத் திருப்பி நிக்க வச்சு, முதுகுல காத வச்சுக் கேட்டாங்க. ரொம்ப நேரம் கேட்டாங்க. எந்திரிச்சப்ப மூஞ்சி ஈரமா இருந்துச்சு. குடைய ஒழுங்காப் பிடிக்கலன்னு நெனச்சேன்.

"நாளையிலேர்ந்து பந்து விளையாடு. மஃப்ளரோட"ன்னாங்க.

அண்ணன் பின்னாடியே இருமிக்கிட்டு வந்தான். சூடா இஞ்சி டீ வாங்கிக் குடிச்சுட்டு, யாரும் பாக்காதப்ப, "டேய், அந்த மஃப்ளர கொஞ்சம் குடேன்லா"ன்னான். அதுக்கப்புறம் ஹார்மோனியம்னு அவன் கூப்பிட்டதே இல்ல.

மறுநாள் கிளிப்பச்சையோட கீழ எறங்கி அந்தப் பந்த உதைச்சேன். தூரத்துப் பாலத்துல போற ட்ரெயின் மேல போய் விழுற மாதிரி உதைச்சேன், வடிகால்ல போய் விழுந்துச்சு. வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் சொன்னேன்: அண்ணன ஜெயிச்சேன், மழைய ஜெயிச்சேன், எல்லாத்துக்கும் மேல எங்கம்மாவையே ஜெயிச்சேன்.

அன்னியோட தண்ணித் தண்டனையும் நின்னுபோச்சு. டம்ளர் அலமாரிக்குள்ள போயிடுச்சு. என் வாய் மட்டும் துளி குறையல, முன்னாடிய விட அதிகமாத்தான் எதிர்த்துப் பேசுனேன். அப்புறம் ஏன் நிறுத்துனாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். நான் திருந்திட்டேன்னு பாவம் அம்மா ஏமாந்துட்டாங்கன்னு நெனச்சு, ரொம்ப நாள் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.