ஏரிக்கரையில் என் வீட்டுக்காரர்

அவர் போனபிறகு ஊரில் எல்லோரும் அவரைப் பற்றி உயர்வாகத்தான் பேசுகிறார்கள். அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். கொஞ்சம் வேறுமாதிரி சொல்ல எனக்கு உரிமை உண்டு.

சாலவாக்கம் போகிற ரோட்டில் என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். மழை முடிந்து ஏரி நிறைந்ததும், தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்ட வரும். அன்றிலிருந்து பங்குனி வரைக்கும் கடை பாதி நாள் பூட்டியே கிடக்கும். பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் நேராக ஏரிக்கரைக்கே போய்விடுவார்கள். அங்கேயே உட்கார்ந்து ஒட்டிக் கொடுப்பார்.

யாரும் அவரை அந்தக் காவலுக்கு வைக்கவில்லை. சம்பளம் கிடையாது, காக்கிச்சட்டை கிடையாது. விசில்கூட அவராக வாங்கியதுதான். முட்டை எடுக்க மரமேறுகிறவன், கவணோடு வருகிறவன், எல்லோரிடமும் போய் நிற்பார். சண்டை போடத் தெரியாது. பேசியே ஆளைக் களைப்பாக்கி அனுப்பிவிடுவார். ஒருமுறை துப்பாக்கியோடு இரண்டு பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நாரை எப்போது முட்டையிடும், எப்படி அடைகாக்கும், குஞ்சுக்கு நத்தையை எப்படி ஊட்டும் என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் திரும்புகிற பஸ் வந்துவிட்டது. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமலே ஏறிப்போனார்கள்.

இத்தனை பேச்சும் ஏரிக்கரையோடு சரி. வீட்டில் குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டால் ஒரு 'ம்' வரும்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை என் முறத்தில் வைத்து எடுத்து வருவார். ஒருநாள் நான் குனிந்து பார்த்த நேரம், ஒரு குஞ்சு தின்றதையெல்லாம் என் புடவைமேல் கக்கியது.

"பயந்துக்கினு கீது, பாவம்" என்றார். பாவம் பார்த்தது குஞ்சுக்குத்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் தங்கை கல்யாணத்தில்தான் வந்தது வினை. மாப்பிள்ளை மானாம்பதிப் பக்கம். தை மாசம், சாயந்திரம், மேளதாளத்தோடு மாப்பிள்ளை அழைப்பு ஏரிக்கரை வழியாக வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு சாக்கு நிறைய அதிர்வேட்டு கொண்டுவந்திருந்தார். முதல் வேட்டுக்குத் திரி கிள்ளும்போது என் வீட்டுக்காரர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க. மரத்துல குஞ்சு பொறிச்சிக்கினு கீது. இந்தச் சத்தத்துக்குத் தாய் எல்லாம் எழும்பிச்சின்னா குஞ்சு தண்ணில வியுந்துடும்."

"இன்னாப்பா, பொண்ணு வூட்டுக்காரன் பேசற பேச்சா இது? கொக்குக்காக எங்க புள்ள ஊமையா வரணுமா?"

மேளம் நின்றுவிட்டது. என் அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. கல்யாணமும் நின்றுவிடப்போகிறது என்றே நினைத்தேன். இவர் மட்டும் பதறவில்லை.

"வெடிக்க வாணாம்னு நான் சொல்லலியே மாமா. ஊருக்கு அந்தாண்ட எங்க வூடு கீது. அந்த வாசல்ல வெச்சி ஒண்ணு விடாம வெடிங்க."

பெரியப்பா சாக்கைத் தூக்கச் சொன்னார். சொன்னபடியே ஒன்று விடாமல் என் வாசலில் வெடித்தார்கள். கூரையிலிருந்து இரண்டு ஓடு விழுந்தது. அடைக்கு உட்கார்ந்திருந்த கோழி எழுந்து ஓடியது, மறுநாள்தான் திரும்பியது.

"கோழியும் பறவைதாங்க" என்றேன். அவர் காதில் விழாததுபோல் ஓட்டுச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும், அப்படி என்னதான் பறவை என்று பார்க்க அந்தப் பெரியப்பாவே ஏரிக்கரைக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தவரின் பட்டுத் துண்டில் ஒரு நாரை தன் பங்குக்கு மரியாதை செய்தது. துடைத்துக்கொண்டு மத்தியானம் வரை அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் வெடி கொண்டுவரவில்லை.

சில வருஷம் கழித்து, ஒரு குஞ்சைத் திரும்பக் கூட்டில் வைக்கப் போய், இவர் மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு படுக்கையில் கிடந்தார். பறவை வரும் காலம் வேறு. "நீ ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுமே" என்று தினமும் கெஞ்சினார்.

நான் அம்மா வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். "எல்லாம் நல்லா கீதுங்க" என்றேன்.

"கெயக்கால ஒத்த மரம் கீதே, அதுல எத்தினி கூடு?"

"நாலு."

"அந்த மரம் வியுந்து ரெண்டு வருசம் ஆவுது."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

அடுத்த நாள் காலை வேலை முடிந்து நிஜமாகவே போனேன். வெயில் நேரம். கிட்டத்து மரத்தில் ஒரு நாரை இரண்டு இறக்கையையும் விரித்து, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றது. அதன் நிழலில் மூன்று குஞ்சுகள். வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டே நின்றதே தவிர, நகரவில்லை. வெகுநேரம் கழித்து ஜோடி பறந்துவந்தது. அது வந்து இறக்கையை விரித்த பிறகுதான் இது மடக்கியது. நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. உலை வைக்கவே இல்லை. அவர் பசி என்று சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன். "எம்மா நேரம் நின்னுது? ஜோடி எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

கால் கூடியபிறகும் விந்தித்தான் நடந்தார். மறு வருஷம் ஏரி நிறைந்ததும் நான் முதலில் கிளம்பி வாசலில் நின்றேன்.

"சோறு ஆக்கிட்டியா?" என்றார்.

"வந்து ஆக்கிக்கலாம், வாங்க" என்றேன்.